ஏசி இல்லாத அறையைக் கோடையில் ஆறவைப்பது எப்படி?

நான் வேலை பார்ப்பதும் தூங்குவதும் மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும் மேல்மாடி அறையில். ஏசி பொருத்த வழியில்லை. அந்த அறையை இரவில் தூங்கும் அளவுக்குக் கொண்டுவந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

1. இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள்

ஒன்று அறைக்குள், மற்றொன்று வெளியே. இருப்பதிலேயே மலிவானவை போதும். செயலி, வைஃபை எல்லாம் வீண் செலவு. வாங்கியதும் இரண்டையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் அருகருகே வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதை வெப்பமானியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். வெளியே வைப்பது வெயில் படாத இடத்தில், சுவரை ஒட்டாமல் தொங்க வேண்டும். வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும்.

2. காலையில் மூடுங்கள்

வெளி எண் உள் எண்ணை எட்டியதும் ஜன்னல்களைச் சாத்துங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிப்பதுதான் முக்கியம். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத்தான் தடுக்கிறது. அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியில் ஒரு தட்டி அல்லது தடித்த துணி கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

3. மாலையில் எப்போது திறப்பது?

என்னை வெகுநாள் திணறவைத்தது இதுதான். பொழுது சாய்ந்ததும் ஜன்னலைத் திறக்கத்தான் கை பரபரக்கும். வெயில் போய்விட்டாலும் காற்று இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்த சுவர்களும் சாலையும் அதை இப்போதுதான் கக்கத் தொடங்குகின்றன. அப்போது திறந்தால், நாள் முழுவதும் மூடிக் காப்பாற்றியது பதினைந்து நிமிடத்தில் போய்விடும்.

சூரியனை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். வெளி எண் உள் எண்ணைவிட ஒன்றிரண்டு டிகிரி இறங்கிய பிறகே திறக்க வேண்டும். கடும் வெப்ப அலையில் அது நள்ளிரவைத் தாண்டிக்கூட நடக்கும். திறந்தால் அரைகுறையாகத் திறக்காதீர்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களையோ, ஒரு ஜன்னலையும் கதவையுமோ அகலத் திறங்கள். அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள், அவற்றுக்குள்ளும் சூடு பதுங்கியிருக்கும். சுவரைத் தொட்டுப் பாருங்கள்: காற்று குளிர்ந்த பின்னும் சுவர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அது ஆறும்வரை, முடிந்தால் விடியும்வரை, திறந்தே இருக்கட்டும்.

4. மின்விசிறி

இரவில் மேசை மின்விசிறியை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அது சூட்டை வெளியே தள்ளும். மறுபக்க ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். அறை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வெப்பத்தை உடல்மேல் வாரி இறைக்கத் தொடங்கும். அந்த நிலையில் அறையை விட்டு வெளியேறி, குளிர்ச்சியான வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்கள் அந்த அளவு வரும்வரை காத்திருக்கவே கூடாது.

5. உடம்பு

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளானால் நீர் போதவில்லை என்று பொருள். இதய, சிறுநீரக நோயால் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முழுப் பொட்டலம், அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீர். இல்லையென்றால் உப்பின் விகிதம் கெட்டுவிடும்.

யாராவது குழறிப் பேசினால், இடம் தெரியாமல் விழித்தால், மயங்கினால் அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடம்பில் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது.

பின்சேர்க்கை: ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வறண்ட காற்று வீசும் ஊரில், ஜன்னல் திறந்திருக்கும்போது, தாராளமாக. புழுக்கமான ஊரில் துணி காயாது, அறைதான் நசநசக்கும். அங்கே துணியை நனைத்துக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு மின்விசிறி முன் உட்காருங்கள்.

இன்னொன்று: பாதுகாப்பு கருதி இரவெல்லாம் திறந்துவைக்க முடியாதவர்கள் விடிவதற்குச் சற்று முன் அலாரம் வைத்து எழுந்து திறங்கள். காற்று மிகவும் குளிர்ந்திருப்பது அப்போதுதான். வெளி எண் ஏறி உள் எண்ணைத் தொடும்வரை மூட வேண்டியதில்லை.