மியூசிக் பேண்ட் பார்க்க பெங்களூரு போகிறவர்கள் எங்கே சொதப்புகிறார்கள்?

கப்பன் பார்க், லால்பாக், மசால் தோசை, ராத்திரிக்கு "ஏதாவது லைவ் மியூசிக்". சனி, ஞாயிறு பெங்களூரு போகும் நம்மவர்கள் பலரின் திட்டம் இதுதான். அந்த "ஏதாவது"வில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. ஸ்வராத்மா, ரகு தீட்சித் புராஜெக்ட் மாதிரி நாட்டுப்புற மெட்டில் காலூன்றிய குழுக்கள் பெங்களூருக்காரர்கள் என்பது உண்மை. அதற்காக வாரா வாரம் அங்கேயே பாடிக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் கச்சேரித் தேதி, பிறகுதான் ரயில் டிக்கெட்.

இடம் தேடும்போது பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். இந்திராநகரின் 'தி ஹம்மிங் ட்ரீ', சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டு பாடும் இண்டி குழுக்களுக்குத் தாய்வீடு மாதிரி இருந்த இடம். 2019இல் மூடிவிட்டார்கள். ஆனால் கூகுளில் தேடினால் இன்னமும் தலைகாட்டும். குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும் தேதியும் இடமும்தான் கணக்கு.

ரயிலில் அடுத்த சறுக்கல். சனிக்கிழமை மதியம் சென்னையில் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறினால் பெங்களூரு சேர ராத்திரி ஒன்பது தாண்டிவிடும். கச்சேரி கிட்டத்தட்ட போச்சு. காலையில் கிளம்பும் பிருந்தாவன் என்றால் மதியத்துக்கு மேல் இறங்கி, குளித்து, ஒரு காபியும் குடிக்கலாம். ஞாயிறு கச்சேரி பார்த்துவிட்டு அன்றிரவே சென்னை மெயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பெங்களூரு டிராஃபிக்கில் சிக்கியதில்லை என்று அர்த்தம். சனிக்கிழமை நிகழ்ச்சியையே தேர்ந்தெடுங்கள்.

"போட்ட நேரத்துக்கு எவன் ஆரம்பிப்பான்?" என்ற நினைப்பு திறந்தவெளி மேடைக்குச் சரிவராது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஏழு என்றால் ஏழை ஒட்டி ஆரம்பிப்பார்கள். எட்டரைக்கு ஆடி அசைந்து வந்தால் வால் பகுதிதான் கிடைக்கும். பப்பில் கதை தலைகீழ். டிக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். முதலில் ஒரு சின்னக் குழு பாடும், நீங்கள் தேடி வந்தவர்கள் அதற்கப்புறம்தான். அந்தச் சின்னக் குழுவையும் கேளுங்கள். பப் என்றால் 21 வயது கேட்பார்கள், அடையாள அட்டையும் கேட்பார்கள். கல்லூரி முதல் வருடத்துத் தம்பியையோ தங்கையையோ கூட்டிப்போவதாக இருந்தால் அரங்க நிகழ்ச்சியாகப் பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு: பாட்டுகளை ஒருமுறைகூடக் கேட்காமல் போய் நிற்பது. சினிமாப் பாட்டு என்றால் முதல் வரியிலேயே கூட்டம் பிடித்துக்கொள்ளும். இங்கே அப்படியில்லை. ரகு தீட்சித் பாடுவதில் சில, 19ஆம் நூற்றாண்டின் கன்னடக் கவி சிசுநாள ஷரீப் எழுதியவை. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமண குருவிடம் சீடராக இருந்தவர். கொஞ்சம் தோராயமாக ஒப்பிட்டால் நம் சூஃபிக் கவி குணங்குடி மஸ்தான் சாகிபின் பக்கத்தில் உட்காரக்கூடியவர். கன்னடம் நம் காதுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. பொருள் தெரிந்துகொண்டு நாலு பாட்டு கேட்டுவிட்டுப் போனால், மேடையில் கிதாரும் வயலினும் வேகமெடுக்கும்போது அந்த வரி எதைக் குத்துகிறது என்பது பிடிபடும். இல்லாவிட்டால் வெறும் தாளத்துக்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். ஸ்வராத்மாவின் வாசு தீட்சித் பொய்க்கால் குதிரை கட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து "அட, நம்ம ஊர் ஆட்டம்!" என்று போனைத் தூக்குகிறோம். தூக்கலாம், ஒரு நிமிஷம். முழுப் பாட்டையும் படம்பிடித்தால் பின்னால் நிற்பவருக்குத் தெரிவது உங்கள் போன் மட்டும்தான்.

அரட்டையும் அப்படியே. மெதுவான பாட்டு வரும்போதுதான் நம் மேஜைக்கு அலுவலகக் கதை ஞாபகம் வரும். நடுவில் "ரஹ்மான் பாட்டு ஒண்ணு!" என்று கத்துவதைப் பற்றி நான் என்ன சொல்ல? சொந்தப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேடையை ஒட்டி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்பது வீரம் இல்லை. டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்து பாடகரின் குரலை விழுங்கிவிடும். ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதுவே உங்கள் காதிலும் விழும்.

தங்குமிடத்தை ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கில் போட்டுவிட்டு கோரமங்கலாவில் கச்சேரி பார்க்காதீர்கள். முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள், கட்டணம் எகிறும். இந்திராநகர் என்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது; கடைசி ரயில் நேரத்தை உள்ளே போகும் முன்பே பார்த்து வையுங்கள். மறுநாள் காலை ஜே.பி. நகரில் 2019இல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகலாம். லீவு போட்டுத் திங்கள்வரை தங்குகிறவர்களும் ஞாயிறே போய்விடுங்கள், திங்களன்று அங்கே விடுமுறை.