கெர்னல் டீபக்கிங் ஆவணம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. அதில் பிழை தேடும் வழியைச் சொல்லும் டீபக்கிங் ஆவணங்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. பழைய கட்டளை பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டால் பிரச்சினை சுலபம். பெரும்பாலும் கட்டளை ஓடிவிடும், பலன்தான் கிடைக்காது. அதனால் ஆவணத்தைப் படித்துப் பார்த்துச் சரிபார்த்தால் போதாது, ஒவ்வொரு படியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் கான்ஃபிக் பெயர்களை, அதாவது கெர்னலைக் கட்டும்போது தேர்ந்தெடுக்கும் விருப்பங்களின் பெயர்களைப் பாருங்கள், அதிகம் கெடுவது அங்கேதான். டீபக் இன்ஃபோ என்ற விருப்பத்தை 5.18 பதிப்புக்கு முன்பு நேரடியாக இயக்கலாம். 5.18-இல் அது டுவார்ஃப் (டீபக் தகவலின் வடிவம்) வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மாறியது. பழைய ஆவணம் சொல்வதுபோல் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி விடுபட்டவற்றுக்கு இயல்பு மதிப்பை நிரப்பும் 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' ஓட்டினால், 'டீபக் தகவல் வேண்டாம்' என்பது தேர்வாகி உங்கள் வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஜிடிபி என்ற டீபக்கருக்கான ஸ்கிரிப்ட் விருப்பம் டீபக் இன்ஃபோவைச் சார்ந்தது என்பதால் அதுவும் கூடவே போய்விடும். ஜிடிபியில் ஃபங்ஷன் பெயர்கள் தெரியும், மூல வரி எண்ணும் ஸ்ட்ரக்ட் உறுப்புகளும் தெரியாது. கான்ஃபிக்கை உருவாக்கிய பிறகு கோப்பைத் திறந்து, கேட்ட வரி நிஜமாகவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் படியை ஆவணத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது முகவரிகள். எக்ஸ்86 கணினிகளில் 4.12 முதல், ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலை வேறு முகவரியில் ஏற்றும் கேஏஎஸ்எல்ஆர் இயல்பாகவே இயங்குகிறது. கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் பூட் செய்யும்போது 'நோகேஏஎஸ்எல்ஆர்' கொடுக்காவிட்டால் ஜிடிபி பிரேக்பாயின்ட்டை (ஓட்டத்தை நிறுத்தும் புள்ளியை) ஓரிடத்தில் வைக்கும், கெர்னல் வேறிடத்தில் ஓடும். அது கொடுத்திருந்தாலும், பூட்டின் தொடக்கத்திலேயே நிறுத்த சாதாரண 'பிரேக்' உதவாது. கெர்னல் விரிக்கப்படும்போது அந்த நினைவகப் பகுதி மேலெழுதப்படும், ஆகவே வன்பொருள் பிரேக்பாயின்ட் வைக்கும் 'எச்பிரேக்' என்று எழுதுங்கள். பதிவுச் செய்தியில் சாதாரண பாயின்டராக அச்சாகும் முகவரியை நம்பச் சொல்லும் வரிகளும் 4.15-க்குப் பிறகு செல்லாது, இப்போது அங்கே வருவது உண்மை முகவரியை மறைக்கும் ஹாஷ் மதிப்பு. 5.12-இல் வந்த 'நோ ஹாஷ் பாயின்டர்ஸ்' அளவுரு அதை நீக்கும். ஆனால் அது உள் முகவரிகளை வெளிக்காட்டுவதால், சோதனைக் கணினிக்கு மட்டும் என்று அந்த வரியிலேயே எச்சரிக்கை வையுங்கள்.

கோப்புப் பாதைகளில், கெர்னல் தடமறிதலுக்கான கோப்பு முறைமையான ட்ரேஸ்எஃப்எஸ் முக்கியமானது. 4.1 முதல் அதற்குத் தனி இடம் உண்டு. பொதுவான டீபக் கோப்பு முறைமையான டீபக்எஃப்எஸ் வழியாகச் செல்லும் பழைய பாதை பல கணினிகளில் இன்னும் வேலை செய்வதால்தான் யாரும் திருத்துவதில்லை. டீபக்எஃப்எஸ் இல்லாத கெர்னலில் அது திறக்காது. டீபக் செய்திகளை ஓடும்போதே இயக்கி நிறுத்தும் டைனமிக் டீபக்கின் கட்டுப்பாட்டுக் கோப்பு ப்ராக் அடைவிலும் கிடைக்கும், அதையும் குறிப்பிடுங்கள். சரிந்த கெர்னலின் நினைவக நகலை (டம்ப்பை) ஆராயும் கிராஷ் கருவியைப் பொறுத்தவரை ஒன்றே போதும்: 5.10-இல் பதிவுச் செய்திகள் சேரும் ப்ரின்ட்கே பஃபரின் உள்ளமைப்பு மாறியதால், பழைய கிராஷ் புதிய டம்ப்பிலிருந்து பதிவுகளை எடுக்காது.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, சோதனையைத் தானியங்கியாக்குங்கள். கான்ஃபிக் துண்டைத் தனிக் கோப்பாக வைத்து, ஆவணக் கருவியான ஸ்ஃபிங்ஸின் 'லிட்டரல்இன்க்ளூட்' மூலம் ஆவணத்துக்குள் இழுங்கள். வாசகர் பார்ப்பதும் சோதனை பயன்படுத்துவதும் ஒரே கோப்பாக இருக்கட்டும். அதே துண்டால் கெர்னலைக் கட்டி, கியூஎமுவில் பூட் செய்து, ஜிடிபியை, கட்டளைகளைத் தானே ஓட்டி முடிக்கும் பேட்ச் (batch) முறையில் ஓட்டுங்கள். டைம்அவுட் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எட்டாத பிரேக்பாயின்ட்டுக்காகச் சோதனை முடிவில்லாமல் காத்திருக்கும்.

கெர்னல் பிழையில் காட்டும் ஊப்ஸ் செய்தியைப் படிக்கச் சொல்லித்தரும் பகுதிக்கு எல்கேடிடிஎம் மாட்யூல் கைகொடுக்கும். வேண்டுமென்றே குறிப்பிட்ட வகைச் சரிவை உண்டாக்குவதுதான் அதன் வேலை. எந்த ஃபங்ஷனில் சரியும் என்று முன்பே தெரியும் என்பதால், முகவரிகளை மூல வரிகளாக மாற்றும் 'டீகோட் ஸ்டாக்ட்ரேஸ்' ஸ்கிரிப்டின் விடையில் அந்தப் பெயரும் வரி எண்ணும் வருகின்றனவா என்று இயந்திரமே ஒப்பிட்டுவிடும்.

புதிய பதிப்பின் முதல் ஆர்சி (முன்னோட்ட வெளியீடு) வந்ததும் இந்தச் சோதனையை ஓட்டுங்கள். கூடவே முந்தைய பதிப்புக்கும் இதற்கும் இடையிலான கிட் லாக்கை (மாற்றப் பதிவை) நாலு இடங்களுக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள்: லிப் அடைவிலுள்ள டீபக் கேகான்ஃபிக் கோப்பு, கெர்னலின் டீபக் அடைவு, ஜிடிபி ஸ்கிரிப்ட் அடைவு, கெர்னல் அளவுருப் பட்டியல். முழு மாற்றப் பட்டியலையும் படிக்க முயன்றால் இரண்டாவது பதிப்பிலேயே சலித்துவிடும்.

பதிப்பு எண்ணை எழுதுவதில் ஒரு வேறுபாடு உண்டு. கெர்னல் மூலத்துக்குள்ளேயே இருக்கும் ஆவணம் அந்த மூலத்தை மட்டும் விவரித்தால் போதும், பழைய கிளையில் பழைய ஆவணம் இருக்கும். உங்கள் குழுவின் தனி ஆவணத்துக்கு அந்த வசதி இல்லை. 5.15-உம் 6.6-உம் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் ஓடினால், படிக்குப் படி 'எதிலிருந்து எதுவரை' என்ற வீச்சு தேவை. பக்கத்தின் தலையில் கடைசியாகச் சோதித்த கெர்னல், ஜிடிபி, கம்பைலர் பதிப்புகளை வையுங்கள். வெறும் தேதி எதையும் சொல்லாது.

கெர்னல் மூலத்திலுள்ள ஆவணத்தைத் திருத்துகிறீர்கள் என்றால், 'மேக் ரெஃப்செக்டாக்ஸ்' உடைந்த கோப்புச் சுட்டுகளைக் காட்டும், 'மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்' புதிய எச்சரிக்கை இல்லாமல் முடிய வேண்டும். கோப்பை இடம் மாற்றினால் மெயின்டெய்னர்ஸ் (பராமரிப்பாளர்கள்) பட்டியலையும் மொழிபெயர்ப்பு அடைவையும் தேடிப் பாருங்கள், பழைய பாதை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும். எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் செயல்முறை மாற்றத்தையும் ஒரே பேட்ச்சில் (patch, அனுப்பும் திருத்தத் தொகுப்பில்) கலக்காதீர்கள்.