மின்சாரக் காருக்கு மாறும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் நாள்தோறும் பெட்ரோல் காரில் அலுவலகம் சென்றுவரும் ஒருவர் மின்சாரக் காருக்கு மாற எண்ணினால், விற்பனையகத்துக்குப் போவதற்கு முன் தம் வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 யூனிட் மின்சாரமே செலவாகும் என்பதால், சரியான எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே இரவில் சுமார் மூன்று மணி நேரத்தில் அதை ஈடுசெய்துவிடலாம்; விரைவு சார்ஜர் பெரும்பாலும் நெடும்பயணத்துக்கே தேவைப்படும்.

அந்தப் பிளக்குக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, தனி எம்சிபி (மின்சாரம் அளவுமீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் மின்சாரம் தொடர்ந்து பாயும்போது தரமற்ற பழைய கம்பி சூடேறி உருகக்கூடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். மழைநீர் தேங்கும் தரைத்தளமாக இருந்தால், வெள்ளம் எட்டாத உயரத்தில் பிளக்கை அமைப்பது அவசியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தின் இசைவை எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் ஓடும் என்று நிறுவனம் அறிவிக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். நெரிசலிலும் ஏசி ஓடும் கோடையிலும் அதுவே நம்பத்தக்க அளவு.