முகாம்ல விரல் குத்தி பாக்குற கிரியேட்டினின் – எப்படி எடுக்கணும், எவ்வளவு நம்பலாம்

கிரியேட்டினின்ங்கிறது உடம்புல உண்டாகுற கழிவு, கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறும், அதான் கிட்னி முகாம்ல இத பாக்குறோம். பாலக்கோடு பக்கம் முகாம் போட்டா தக்காளி பறிச்ச கையோட நேரா வந்து விரல நீட்டுவாங்க, அதனால முதல் வேலை சோப்பு போட்டு கைய கழுவ வைக்கிறது, நல்லா துடைச்சு காய விடுறது. ஸ்பிரிட் தடவுனா அது முழுசா காயணும். குத்துனதும் வர்ற முதல் சொட்ட பஞ்சுல துடைச்சிட்டு அடுத்த சொட்ட எடுங்க. ரத்தம் வரலன்னு விரல போட்டு பிதுக்காதீங்க, சதையில இருக்கிற தண்ணியும் சேந்து வந்து அளவு மாறிடும், கைய கீழ தொங்க விட்டு கொஞ்சம் தேய்ச்சா தானா வரும்.

ரத்த சொட்ட வைக்கிற ஸ்டிரிப் டப்பாவ வெயில்ல, வண்டி டேங்க் கவர்ல எல்லாம் வைக்காதீங்க. டப்பா மேல போட்டிருக்கிற டிகிரிய பாருங்க, தேதியையும் பாருங்க. காலையில கன்ட்ரோல் சொல்யூஷன் (அளவு முன்னாடியே தெரிஞ்ச திரவம்) போட்டு மெஷின செக் பண்ணாம ஆரம்பிக்கவே கூடாது, இத நேரமில்லன்னு விட்டுடுறாங்க, எனக்கு கடுப்பாகுறதே இங்கதான்.

சரி, நம்பர் வந்துடுச்சு. 65 வயசு ஆயாவுக்கு கிரியேட்டினின் 1.2னு காட்டுது, பக்கத்துல இருக்கிறவரு "நார்மல்தான் ஆயா, போ"ங்கிறாரு. அங்கதான் தப்பு. அதே 1.2 இருபத்தஞ்சு வயசு பையனுக்கு வந்தா இஜிஎஃப்ஆர் (கிரியேட்டினின், வயசு, ஆணா பொண்ணாங்கிறத வச்சு கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு போடுற கணக்கு) 86 கிட்ட, ஆயாவுக்கு 50தான். சரி மெஷின் 0.2 கூட காட்டிடுச்சு, நிஜத்துல 1.0னு வைங்க, அப்ப ஆயாவுக்கு 63. கிட்னி வேலை குறைஞ்சிருக்கான்னு பாக்குற கோடு இருக்கிறது 60ல. சின்ன மெஷின்ல இந்த அளவு முன்ன பின்ன வர்றது சகஜம், அதனால கோட்டுக்கு கிட்ட இருக்கிறவங்கள நல்லதுன்னும் சொல்லாம கெட்டதுன்னும் சொல்லாம நரம்புல ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிடுங்க. முந்தின ராத்திரி கறி சோறு வெளுத்து கட்டியிருந்தாலும் கிரியேட்டினின் ஏறும், கேட்டு எழுதிக்கோங்க.

யூரின்ல ஆல்புமின்ங்கிற புரோட்டீனும் பாக்கணும், கிரியேட்டினின் ஏறுறதுக்கு முன்னாடியே அது காட்டிக்குடுக்கும். இஜிஎஃப்ஆர் ஒரு தடவ குறைஞ்சிருந்தா கிட்னி போச்சுன்னு அர்த்தமில்ல, மூணு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தாதான் நாள்பட்ட நோய்னு சொல்லுவாங்க.

கிட்னி கெட வாய்ப்பு அதிகம் உள்ளவங்கள்ல யார முதல்ல கூப்பிடுறதுன்னா, அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல (2021ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க) வீட்டுக்கே பிபி, சுகர் மாத்திரை வாங்குறாங்களே, அந்த லிஸ்ட்ல இருந்து ஆரம்பிங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி தினம் போடுறவங்களையும் சேத்துக்கோங்க, அவங்க தானா சொல்ல மாட்டாங்க, மாத்திரை அட்டைய எடுத்துட்டு வர சொல்லி பாருங்க.