பச்சை நிறத்தை நம்பி மீன்களை இழக்காதீர்கள்: பெரிய செடித் தொட்டியில் சிஓ2 தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவர் புதிதாக வைத்த தொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்துக்கு இரண்டுக்கு இரண்டு அடி. முழுக் கொள்ளளவு 566 லிட்டர்; மண்ணும் கட்டையும் போக 450 தேறும். செடிகள் வளர சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) வாயு விட்டிருந்தார்; அவை தளதளவென்று இருந்தன. தண்ணீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சின்னக் கருவியான டிராப் செக்கர் நல்ல பச்சை, அதாவது அளவு சரி. ஆனால் டெட்ரா மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பச்சையாத்தானே அண்ணா இருக்கு?" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். உடனே வாயுவை நிறுத்தி ஏர் பம்பைப் போடச் சொன்னேன். அவர் மீன்கள் பிழைத்தன.

சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள் என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுபவை இவை.

டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீர்

டிராப் செக்கர் நிறம் காட்டுவது உள்ளே இருக்கும் நீரின் பிஎச்சை, அதாவது புளிப்பின் அளவை வைத்து. தொட்டியில் கரைந்த வாயு நடுவிலுள்ள காற்று இடைவெளி வழியாக உள்ளே போய், அந்த நீரைப் புளிப்பாக்குகிறது. ப்ரோமோதைமால் புளூ என்ற சாயம் நீலத்திலிருந்து பச்சைக்கும், பிறகு மஞ்சளுக்கும் மாறுகிறது. பச்சை என்பது ஏறக்குறைய பிஎச் 6.6.

அந்த 6.6-க்கு இறங்க எவ்வளவு வாயு வேண்டும் என்பது உள்ளிருக்கும் நீரின் கேஎச்சை, அதாவது கார்பனேட் கடினத்தன்மையைப் பொறுத்தது. கேஎச் 4 டிகிரி என்றால் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) போதும். செடிக்கும் மீனுக்கும் ஒத்துப்போகும் அளவு அது. கேஎச் 10 என்றால் அதே பச்சைக்கு 75 பிபிஎம் தேவை. நம் போர் தண்ணீரில் 10 டிகிரி சர்வசாதாரணம். ஆக, தொட்டித் தண்ணீரையே உள்ளே ஊற்றி வைத்தவர் 30-ஐத் தாண்டும்போது நீலத்தைத்தான் பார்ப்பார். 'இன்னும் பத்தவில்லை' என்று வால்வைத் திருகுவார். பச்சை வரும் நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

எனக்கு நடந்தது இதுதான். சென்னையில் வண்ண மீன் விற்கும் கொளத்தூருக்குப் போகும்போதெல்லாம் பத்துப் பத்தாக வாங்கிச் சேர்த்த 60 ரம்மிநோஸ் டெட்ரா மீன்கள். காலையில் செக்கர் நீலமாக இருக்கிறதே என்று கொஞ்சம் கூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது செக்கர் அழகான பச்சை. உயிரோடு இருந்தவை ஏழு. பெட்டியோடு வந்த தாளில் 'தொட்டி நீரை நிரப்பி மூன்று சொட்டு விடவும்' என்று அச்சடித்திருந்தது. நான் அப்படியே செய்திருந்தேன். நண்பரின் பெட்டியிலும் அதே வாசகம். இத்தனை வருஷம் கழித்தும் இதை மாற்றாமல் விற்கிறார்களே என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

தீர்வு சமையலறையில் இருக்கிறது. 1 லிட்டர் பேட்டரி தண்ணீரில் (உப்புகள் நீக்கிய நீர்) 1.2 கிராம் ஆப்ப சோடாவைக் கரையுங்கள். இது கேஎச் 40 டிகிரி. இதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி பேட்டரி தண்ணீரோடு கலந்தால் 4 டிகிரி. தொட்டித் தண்ணீருக்குப் பதில் இதைச் செக்கருக்குள் ஊற்றுங்கள். கேன் தண்ணீர் கூடாது, அதிலும் கொஞ்சம் கேஎச் இருக்கும். சோடாவை நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுங்கள், ஸ்பூன் கணக்கு வேண்டாம்.

இன்னொன்று: நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை ஆகும். நீங்கள் பார்க்கும் பச்சை முன்பிருந்த நிலவரம். வால்வைத் தொட்டால் அன்று முழுக்க வீட்டில் இருங்கள். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும் கோடையில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். அப்போது இன்னும் கவனம் தேவை.

நொடிக்கு எத்தனை குமிழி?

வாயு போகும் வேகத்தைக் குமிழிகளை எண்ணிச் சொல்வார்கள்; அந்தக் கணக்கை அடுத்தவரிடம் கேட்காதீர்கள். அவருடைய குமிழியின் அளவு வேறு, தொட்டி வேறு.

ஒரு முனையில் வாயு, மறுமுனையில் பாசி

வாயுவைச் சின்னச் சின்னக் குமிழிகளாக்கும் பீங்கான் டிஃப்யூசர் இரண்டடித் தொட்டிக்குப் போதும், ஐந்தடிக்குப் போதாது. பாதிக் குமிழி கரையாமல் மேலே போய் உடையும். பெரிய தொட்டிக்கு ஃபில்டரின் வெளியேறும் குழாயில், வாயுவை நீரில் முழுதாகக் கரைக்கும் ரியாக்டர் வைப்பதே சரி. அதன் பிறகும் மூலையில் கறுப்புப் பாசி வந்தால் வாயுவைக் கூட்டாதீர்கள், நீரோட்டத்தைத் திருப்புங்கள். எதிர்முனையில் இருக்கும் செடியின் நுனி லேசாக ஆட வேண்டும். செக்கரையும் வாயு நுழையும் இடத்துக்கு மிகத் தள்ளி ஒட்டுங்கள்.

இன்வெர்ட்டர் லைனில் சோலனாய்டு மட்டும்

இதுவும் தவறு. சோலனாய்டு என்பது வாயுவைத் திறந்து மூடும் மின்சார வால்வு. கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், இன்வெர்ட்டரில் சோலனாய்டு திறந்தே இருப்பதால் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே லைனில் கொடுங்கள்.

இரவில் வாயு

வேண்டாம். விளக்கு எரிய இரண்டு மணி நேரம் முன் திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன் மூடுங்கள்.

மீட்டர் முள்ளைப் பார்த்து சிலிண்டர் நிரம்பியிருக்கிறது என்று நினைப்பது

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அந்தத் திரவம் தீரும்வரை முள் அசையாது. வெயிலுக்கு ஏறும், ராத்திரிக் குளிருக்கு இறங்கும், அவ்வளவுதான். முள் நிஜமாகவே சரியத் தொடங்கினால் திரவம் காலி, மிச்சம் வெறும் வாயு.

ஆபத்தும் அப்போதுதான். சிலிண்டரின் அழுத்தத்தை ஒரே படியில் குறைத்துத் தரும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய வெளியே போகும் அழுத்தம் ஏறும். நேற்று வரை ஒழுங்காக வந்த குமிழி திடீரென்று சரம்சரமாகக் கொட்டும். இரட்டை நிலை ரெகுலேட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதைத் தடுக்கத்தான். ஒற்றை நிலைதான் கையில் இருக்கிறது என்றால் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் காலி எடையைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை தராசில் ஏற்றிப் பாருங்கள். என்னுடைய 5 கிலோ சிலிண்டரில் அரைக் கிலோ மீதம் இருக்கும்போதே கழற்றி நிரப்பக் கொடுத்துவிடுகிறேன்.