பேக்கேஜை ஏற்றுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்: கேம் கன்சோலை இணையத்தில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்சோலில் ஆடும் பந்து விளையாட்டில் கோல் அடிக்கிற நேரம் பார்த்துத் திரையில் ஆட்டக்காரன் அப்படியே நின்றுவிட்டால், கோலாலம்பூரில் செந்தூல் ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் வீட்டில் எடுக்கிற முதல் முடிவு ஒன்றுதான்: இணையப் பேக்கேஜை ஏற்றிவிடுவது. மாதக் கட்டணம் கூடும். ஆட்டக்காரன் மறுபடியும் நிற்பான்.

ஆன்லைன் ஆட்டத்துக்குப் பெரிய வேகம் தேவையே இல்லை. ஆடும்போது போய் வருவதெல்லாம் சின்னச் சின்னத் தகவல்கள். அவை தாமதிக்காமல், வழியில் தொலையாமல் போய்ச் சேர்ந்தால் போதும். பெரிய பேக்கேஜ் கை கொடுப்பது டவுன்லோடில்தான். 100 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி கேம் இறங்க, எல்லாம் ஒழுங்காக ஓடினாலே இரண்டே கால் மணி நேரம் பிடிக்கும். அவசரம் இல்லாதவர்கள் இரவில் கன்சோலை ரெஸ்ட் மோடில் (திரை அணைந்தாலும் டவுன்லோடு தொடரும் நிலையில்) போட்டுவிட்டுத் தூங்கலாம், காசு மிச்சம்.

அடுத்தது, ரௌட்டர் இருக்கும் இடம். இரட்டை மாடி டெரஸ் வீடுகளில் ஃபைபர் லைன் வந்து முடியும் பெட்டியும் ரௌட்டரும் பெரும்பாலும் கீழே ஹாலில் இருக்கும். கன்சோல் மாடி அறையில். நடுவில் கான்கிரீட் தளம். வைஃபைக்கு 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 வேகமானது, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அடுக்குமாடிக் கொண்டோவில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். 2013இல் வந்த முதல் பிஎஸ்4க்கு 2.4 மட்டும்தான் தெரியும். 'வைஃபை பெயரே வரவில்லை' என்று கன்சோலைக் கடைக்குத் தூக்கிப் போகும் முன், ரௌட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க அழகாக இல்லை என்று ரௌட்டரை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதையும் விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், மாடிப்படி ஓரமாக ரௌட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் கேபிள் (இணையக் கம்பி) இழுத்துவிடுவதுதான் தீர்வு. லோ யாட் பிளாசாவில் புதிதாக ஒன்று வாங்குங்கள். இழுப்பறையில் கிடக்கும் பழையதைப் போட்டுவிட்டு 'கேபிளிலும் ஸ்லோதான்' என்று சொல்லாதீர்கள். கேபிளின் தோலில் 'கேட் 5ஈ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு வண்ணக் கம்பிகள் தெரிய வேண்டும். நான்குதான் என்றால், 1,000 எம்பிபிஎஸ் போக வேண்டிய இணைப்பு 100இலேயே நின்றுவிடும். நிண்டெண்டோ ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் 2017 டாக்கில் லேன் துளை கிடையாது. யூஎஸ்பி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். 2021இல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கில் உண்டு.

நம் ஊரில் அதிகம் தலைவலி தருவது வேறு. இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர் பிடிக்காமல் நல்லதாக ஒன்று வாங்கி, பழையதன் பின்னாலேயே சொருகிவிடுகிறோம். வீட்டுச் சாதனங்களின் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலையை ('நேட்') இரண்டும் தனித்தனியாகச் செய்கின்றன. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கன்சோலில் மட்டும் நண்பனின் பார்ட்டியில் (குரல் அரட்டைக் குழுவில்) சேர முடியாது, குரல் கேட்காது. பிளேஸ்டேஷனில் 'நேட் டைப் 3' என்றும், எக்ஸ்பாக்ஸில் 'ஸ்டிரிக்ட்' என்றும், ஸ்விட்சில் 'டி' என்றும் காட்டும்.

புது ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் முகவரியை (வெளியிலிருந்து அதற்குக் கிடைத்த முகவரியை) பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரௌட்டர் உட்கார்ந்திருக்கிறது. புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் பரப்பும் நிலைக்கு) மாற்றுங்கள், அல்லது பழையதை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியில் நேரடியாகச் சொருகுகிறவர்கள், டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைன் என்றால் ரௌட்டரில் விலான் 500 (லைனில் இணையத் தகவலைப் பிரித்துக் காட்டும் எண்) அமைக்க வேண்டும். அது இல்லாமல் இணையமே வராது. பிறகு ஒரே ரௌட்டரில் யூபிஎன்பி (கன்சோலுக்குத் தேவையான வழியைத் தானாகத் திறக்கும் வசதி) போட்டால் பெரும்பாலும் 'டைப் 2' வந்துவிடும், அது போதும். கன்சோலை டிஎம்இசட்டில் (ரௌட்டரின் பாதுகாப்புக்கு வெளியே) போடு, ஃபயர்வாலை அணை என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சிம் போட்ட வைஃபை பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதன் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நிறுவனமே ஒரு முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. நீங்கள் வீட்டில் எந்த போர்ட்டை (உள்ளே வரும் வழியை) திறந்தாலும் பயனில்லை. பொது ஐபி (உங்களுக்கென்று தனி வெளி முகவரி) தருவார்களா என்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினால் லேக் (ஆட்டத்தில் தாமதம்) போகும் என்பது கதை. அது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் வேலை. ஆட்டம் தொடங்கிய பிறகு பிங்கை (தகவல் போய் வரும் நேரத்தை) குறைக்காது.

கணக்கு திறக்கும்போது நாட்டைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷனில் பிறகு மாற்ற முடியாது. மலேசியக் கணக்கில் அமெரிக்க கிஃப்ட் கார்டு ஏறாது.

கடைசியாக இடி. கோலாலம்பூரின் சாயங்கால மழை தெரிந்ததுதானே. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ரௌட்டரின் அடாப்டர் சுவர்ப் பிளக்கில்தான் இருக்கிறது; அங்கிருந்து ஏறும் மின்வீச்சு லேன் கேபிள் வழியாகக் கன்சோல் வரை போகும். வானம் கறுத்தால் கன்சோலின் பிளக்கோடு ரௌட்டரின் பிளக்கையும் கழற்றுங்கள்.