வெள்ளவத்தையிலிருந்து காலிக் கோட்டைக்கு: சோடியாக ஜியோகேச் தேடப் புறப்படுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் கார் ஓடுவது இவர், போனைப் பார்த்து வழி சொல்வது நான். இந்தப் பங்கீட்டை முன்கூட்டியே பேசி வைக்காமல் போன முதல் பயணத்தில், களுத்துறைப் பாலம் வருவதற்குள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இப்போது கொஞ்சம் அனுபவம் வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்கும் சோடிகளுக்காக எழுதுகிறேன்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு இதுதான். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோட்டு எண்களை இணையத்தில் போடுவார். நீங்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. அதற்கு அடுத்த நாளே ஓரிகனில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அங்கே தொடங்கியது இது.

1. கணக்கும் வரைபடமும்

ஜியோகேச்சிங் செயலியை இறக்கி, இலவசக் கணக்கு ஒன்று திறவுங்கள். காசு கட்டாத கணக்கில் சில பெட்டிகள் தெரியாது, அது பரவாயில்லை. இருவருக்கும் ஒரே பெயர் போதும். நாங்கள் தாளில் எழுதுவதும் அந்தப் பெயரைத்தான்.

2. பெட்டிகளைத் தெரிவு செய்தல்

சண்டை வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகும். இலங்கையில் பெட்டிகள் ஐரோப்பாவைப் போல நெருக்கமாக இல்லை. அதனால் வரைபடத்தில் தெரிகிற எல்லாவற்றையும் லிஸ்டில் போடத் தோன்றும். போடாதீர்கள். ஒரு நாளுக்கு நான்கு, கூடினால் ஐந்து.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள் இருக்கும்: தேடுவது எவ்வளவு கடினம், போகும் வழி எவ்வளவு கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. புதியவர்கள் இரண்டிலும் 2ஐத் தாண்ட வேண்டாம். அளவையும் பாருங்கள். மைக்ரோ என்றால் பழைய கமரா பிலிம் டப்பா அளவுதான். சுவர் இடுக்கில் அதைத் தேடுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

அப்புறம் பழைய பதிவுகளைப் படியுங்கள். கடைசி மூன்று பேரும் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி போயே போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுங்கள். வேர்ச்சுவல், ஏர்த்கேச் என்று இரண்டு வகை உண்டு. அவற்றில் டப்பாவே கிடையாது. இடத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை அனுப்பினால் சரி. காணாமல் போகவும் முடியாது, ஆகவே எனக்கு அவைதான் பிடிக்கும்.

3. எண்களைச் சரியாக அடித்தல்

இந்தத் தளங்களில் எண்கள் பாகையிலும் தசம நிமிடத்திலும் இருக்கும். காலிக் கோட்டைப் பக்கம் என்றால் வடக்கு 6° 01.6', கிழக்கு 80° 13.0' என்பது போல. ஒருமுறை இதை வழிகாட்டும் வரைபடத்தில் 6.016, 80.130 என்று அடித்துவிட்டேன். வரைபடம் எங்களைக் கடலுக்குள், கரையிலிருந்து பல கிலோமீற்றருக்கு அப்பால் போகச் சொன்னது. இவர் காரை ஓரங்கட்டிவிட்டு, “படகும் பிடிக்கவோ?” என்றார். நிமிடத்தை 60ஆல் வகுத்தால்தான் தசமப் பாகை வரும்: 6.027, 80.217.

முந்தின இரவே எண்களையும் குறிப்புகளையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

4. வழியும் நேரமும்

போகும்போது காலி வீதி, வரும்போது தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. அதிவேகப் பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, ஆகவே தேடல் எல்லாம் போகும் வழியிலேயே முடிய வேண்டும். பாணந்துறை, களுத்துறை, பெந்தோட்டை, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை என்று கரையோரமாகவே போகலாம். காலை 5.30க்கு வெள்ளவத்தையை விட்டால் மொரட்டுவை நெரிசலுக்குத் தப்பலாம். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் காலைச் சாப்பாட்டுக்கு நிற்கத் தேவையில்லை. திரும்பும்போது பின்னதுவையில் ஏறிக் கொட்டாவையில் இறங்கலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசம்பர் முதல் மார்ச் வரையான காலம் நல்லது.

பையில் இருக்க வேண்டியவை: பேனை இரண்டு (சின்ன டப்பாவில் பேனை இருக்காது), டோர்ச், பவர் பாங்க், தண்ணீர், மாற்றி வைக்கச் சின்னச் சாமான் ஏதாவது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியோ கூடவோ உள்ளதை வைக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் கூடாது, எறும்பு வரும்.

5. இடத்தில்

போன் ஜிபிஎஸ் சில மீற்றர் தள்ளித்தான் காட்டும். பத்து மீற்றருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். புதிதாக அடுக்கியது போலத் தெரியும் கல், தேவையில்லாத இடத்தில் ஒரு மூடி, வேருக்குள் நுழைத்த பை. மண்ணைத் தோண்ட வேண்டாம், நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் புதைப்பது விதிப்படியே கூடாது. இராணுவ முகாம், பொலிஸ் நிலையம் பக்கம் எண்கள் காட்டினால் இறங்கவே வேண்டாம்.

ஆட்கள் கேட்பார்கள். ஒருமுறை ஹிக்கடுவைக்கு அருகே நான் மதிலோரம் குனிந்து தேட, ஓட்டோக்கார ஐயா ஒருவர் வந்து “மொனவத ஹொயன்னே?” (என்ன தேடுறீங்கள்?) என்று சிங்களத்தில் கேட்டார். வாயில் வந்தது, தோடு விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மனுசன் ஓட்டோவை நிறுத்தி, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூவருமாகப் புல்லைக் கிளறத் தொடங்கினார்கள். கடைசியில் என் காதிலிருந்த தோட்டை இரகசியமாகக் கழற்றி, “கிடைச்சிட்டுது!” என்று காட்ட வேண்டியதாயிற்று. இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறோம், இது ஒரு விளையாட்டு என்று. பெரும்பாலும் சிரிக்கிறார்கள்.

ஒரு பெட்டிக்கு இருபது நிமிடம். அதற்குமேல் “இன்னும் அஞ்சு நிமிசம்” என்று கெஞ்சுபவர் எங்கள் வீட்டில் இவர்தான். “இஞ்சாருங்கோ, நேரம் சரி” என்று நான் சொன்னால் எழும்ப வேண்டும் என்பது புறப்படும்போதே செய்த ஒப்பந்தம்.

6. பதிவு

அன்றிரவே பதிவிடுங்கள். கிடைக்காததையும் எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு அதுதான் உதவி. தாள் நனைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒளித்த இடத்தை மட்டும் எழுதவோ படம் போடவோ வேண்டாம். எங்கள் பதிவை எழுதுவது நான். பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த மதிலோரப் பெட்டியை முதலில் கண்டது தான்தான் என்று சேர்க்கச் சொல்வது இவர்.